மூங்கில் உச்சியில் போன்

தெஹியோவிட்டப் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் துஷ்யந்தி டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. பால் வெட்டப் போகும் தாய்மார் விடிந்தும் விடியாமலும் தோட்டத்துக் குழந்தை காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்லும் வாண்டுகளைக் கட்டி மேய்ப்பவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, அவளும் சில வருடம் பால் வெட்டியவள்தான். நாற்பதை நெருங்கும் வயதில் முன்பள்ளி டிப்ளோமா படிக்கக் கிளம்பியபோது பலரும் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுத்துப் பரீட்சைகளை ஒரே மூச்சில் பாஸ் பண்ணினாள். மிஞ்சியது வாய்மொழித் தேர்வு, அதுவும் ஒன்லைனில். மடுவத்தில் யாரோ புண்ணியவான்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் வைஃபை கிடையாது. போன் சிக்னலோ அந்த இடத்தில் கூரைக்கு மேலே மட்டும் கிடைக்கும். கீழே இறங்கி வர அதற்கு மனசே வராது.

பால் வெட்டுகிறவர்களை மேய்க்கும் வெட்டுக் கங்காணியான அவள் புருஷன் யோகராஜ்தான் வழி கண்டான். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் தன் போனை வைத்துக் கட்டி, மூங்கில் உச்சியில் ஏற்றி, மடுவத்துத் தூணோடு இறுக்கினான். மழை நனைக்காமல் ரப்பர் மரத்துக்குக் கட்டும் பொலித்தீன் பாவாடையை அதற்கும் கட்டிவிட்டான். போனிலிருந்து நீட்டு யூ.எஸ்.பி. வயர் ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இறங்கியது. போன் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டதும் இன்டர்நெட் ஓடியது.

"பாத்தியா, மரத்துல இருந்து பால் இறங்குற மாதிரி இறங்குது" என்றான். அன்றைக்குக் கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு நாளன்று காலையிலிருந்தே மழை. இரவல் கமராவுக்கு முன்னால் துஷ்யந்தி நல்ல சேலை கட்டி உட்கார்ந்தாள். முதல் கேள்விக்குப் பாதி பதில் சொல்வதற்குள் திரையில் கேள்வி கேட்ட தேர்வாளர் மேடம் அப்படியே உறைந்துபோனார். வெளியே மூங்கில் உச்சியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. கோல் வந்தால் அந்தப் போனில் இன்டர்நெட் நின்றுவிடும்.

"யாருங்க அது?" என்று பக்கத்தில் நின்ற யோகராஜிடம் கேட்டாள்.

"வேற யாரு, வெட்டுக்காரங்கதான். மழை நாள்ல வெட்டு இருக்கா இல்லையானு என்கிட்டத்தானே கேப்பாங்க. இன்னைக்கு இல்லைனு தோட்டத்துத் துரை அப்பவே சொல்லிட்டாரு. இந்தக் கம்பைச் சரிபாத்துக்கிட்டு இருந்ததுல நான் யாருக்கும் சொல்லல." யோகராஜின் முகம் சுண்டிப்போனது.

மேடம் மறுபடி அசைந்தார். "இன்னொரு முறை இணைப்பு துண்டிக்கப்பட்டால் அடுத்த வருடம்தான் வர வேண்டும், சரியா?" என்றார். இத்தனை பாடுபட்டுப் படித்தது ஒரு போன் மணியில் போய்விடுமோ என்று துஷ்யந்தி பயந்தாள்.

"சரி, நீ பேசு. நான் பாத்துக்கிறேன்" என்று யோகராஜ் மழைக்குள் ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயத்திலிருந்து தப்புப் பறைச் சத்தம் கிளம்பியது. முந்தியெல்லாம் தப்படித்துத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவார்கள். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு தப்பு கோயில் திருவிழாவோடு சரி. கோயிலில் இருந்ததை எடுத்துக்கொண்டுதான் கங்காணி ஓடியிருந்தான். "இன்னைக்கு வெட்டு இல்லை, யாரும் எனக்கு கோல் எடுக்காதீங்க" என்ற அவன் குரலும் தப்போடு சேர்ந்து லயம் லயமாக நகர்ந்தது.

மேடம் நெற்றியைச் சுருக்கினார். "என்னம்மா சத்தம்? பக்கத்தில் ஏதும் திருவிழாவா?"

மன்னிப்புக் கேட்கத்தான் துஷ்யந்தி வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லைங்க மேடம். அது என் வீட்டுக்காரர். இன்னைக்கு வேலை இல்லைனு தப்படிச்சுச் சொல்றாரு. அவர் போனுக்கு யாராவது கோல் எடுத்தா நான் உங்ககூடப் பேச முடியாதுங்க. அதுக்காகத்தான் மழையில நனைஞ்சுக்கிட்டு லயம் லயமா ஓடுறாரு."

மேடம் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "ஒருவர் படிப்பதற்குக் குடும்பம் எப்படித் துணை நிற்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் கேட்டுவிட்டது. நாம் அதற்கடுத்த கேள்விக்குப் போவோம்" என்றார்.

துஷ்யந்தி மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். கடைசிவரை போன் அடிக்கவில்லை.

இப்போது அந்த டிப்ளோமா மடுவத்துச் சுவரில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் அவளைப் பாராட்டினால், துஷ்யந்தி உடனே திருத்துவாள்.

"நாங்க ரெண்டு பேரும் பாஸ் பண்ணினதுங்க."