கதவு ரப்பரில் ஒட்டிய நூல்

இன்று காலை வேலையிடத்தில் அழாமல் தப்பித்தது பெரிய விஷயம்.

குளிர்ந்த மலையூரான கியா பார்மில் நான் வேலை செய்யும் கடையில் ஸ்ட்ராபெரியை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி உலர்த்தும் மிஷின் இருக்கிறது. இன்று பம்ப் ஓடியும் அழுத்தம் காட்டும் முள் இறங்கவே இல்லை. உள்ளே ஆறு தட்டுப் பழம். உருகிவிட்டால் எல்லாம் குப்பைதான்.

முதலாளி அக்கா, ஈப்போவில் இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார்.

"பம்ப் செத்துப்போச்சு லா. வந்து கழட்டிட்டுப் போங்க."

"தினமும் மிஷினை ஓட்டுறது யாரு?" என்று அவர் கேட்டார்.

அக்கா போனை என் பக்கம் திருப்பினார்.

"உனக்கு என்னம்மா தோணுது?"

"பம்ப் நல்லாத்தான் இருக்குண்ணே. பழப் பெட்டிக்குப் போற வால்வை மூடிட்டு அதை மட்டும் ஓட்டினேன், முள் உடனே இறங்கிருச்சு. பெட்டியிலதான் எங்கயோ காத்து நுழையுது."

"அப்ப கதவு ரப்பரைப் பாரு."

பம்பை நிறுத்திக் கதவைத் திறந்தேன். ரப்பரில் ஒரு சிவப்புக் கம்பளி நூல். என் ஸ்வெட்டருடையது. துடைத்து மூடி, பம்பை மறுபடி ஓட்டியதும் முள் இறங்கியது.

"என் நூல்தான்கா," என்று ஒத்துக்கொண்டேன்.

"வால்வை மூடிப் பாத்ததை முன்னாடியே சொல்லக்கூடாதாடி?"

"நீங்க கேக்கலியேக்கா."

அக்கா சிரித்துவிட்டார்.

பள்ளியை விட்ட பிறகு, எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்ட முதல் ஆள் அந்த அண்ணன்தான். ரொம்ப நன்றிண்ணே.

மிஷின் அறையில் இனிமேல் கம்பளி கூடாதாம். இந்தக் குளிருக்கு நூல் உதிராத ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.