மூன்றாவது பீரியடில் உள்ளே போனவள்

முதல் வருஷம் நான் கல்லூரியை விட்டு ஓடிவராமல் இருந்ததற்கு அவள் ஒருத்திதான் காரணம். வரிச்சிக்குடியில் பிளஸ் டூ வரை எல்லாரையும் தெரிந்த பள்ளியில் படித்துவிட்டு வந்தவள் நான். காரைக்காலில் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இங்கிலீஷில் நடத்திய பாடம் ஒரு மண்ணும் புரியவில்லை. வாசலை ஒட்டிய முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், "இங்க வா, ஃபேன் காத்து வரும்" என்று பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். அந்த ஃபேன் ஒரு நாளும் ஓடியதில்லை. ஆனாலும் மூன்று மாதம் நான் அந்த இடத்தை மாற்றவில்லை. அவளிடம் கேட்காமல் ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருவாள். கேட்டால் பஸ் கிடைக்கவில்லை என்பாள். ஒருநாள் லேபில் அவள் விரலெல்லாம் குத்துக் காயமாக இருப்பதைப் பார்த்தேன். "மீன் முள்ளுடி" என்றாள். அவள் வீடு கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்தில். மீன் படகு கரைக்கு வருகிற நாளில் விடிகாலையிலேயே அம்மாவோடு ஏலத்துக்குப் போவாளாம். எடுத்த மீனைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு வருவாளாம். வகுப்பில் மற்றவர்களிடம் வீடு பீச் ரோட்டுப் பக்கம் என்றுதான் சொல்லியிருந்தாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு திங்கட்கிழமை மூன்றாவது பீரியடுக்கு அவள் வந்து நின்றபோது சார் அட்டென்டன்ஸ் எடுத்து முடித்திருந்தார். முந்தின நாள் மீன் வாங்கப் போன இடத்தில் அவளைப் பார்த்திருக்கிறார் போல. வாசலருகே வந்து, சிரித்துக்கொண்டே, தணிந்த குரலில், "என்னம்மா, ஏலம் முடிஞ்சுதா? இல்ல நாங்க இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கணுமா?" என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். அந்த பீரியட் முழுக்கத் தலையை நிமிர்த்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, இன்றைக்கும் அப்படித்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கட்டுரை மாதிரி எழுதித் தள்ளினேன். காலையில் ஏலத்தில் நின்று மீன் பிரித்துவிட்டு வந்து படிக்கிற பெண்ணிடம் இப்படியா பேசுவது, சார் மன்னிப்புக் கேட்கிற வரை ஒருத்தரும் அவர் வகுப்புக்குள் போகக்கூடாது, நாளைக்கு மாஸ் பங்க் என்று போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. அதுவரை என்னிடம் பேசாத பையன்கள்கூட "செம", "கெத்து" என்று போட்டார்கள். அவளும் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. மனசு இளகிப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ் பங்க் என்றால் ஒரே விதிதான். ஒருத்தர் உள்ளே போனாலும் வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் ஆப்பு. அதனால் மறுநாள் அதே மூன்றாவது பீரியட் நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள், அவளைத் தவிர. உடம்பு சரியில்லையோ என்று பயந்து வகுப்புப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். சார் அவள் ஒருத்திக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

என் பின்னாலேயே வந்த ஒருத்தன், "அவளே உள்ள இருக்கா, நமக்கென்ன" என்று வாசலில் போய் நின்று அனுமதி கேட்டான். அவன் பின்னால் இன்னொருத்தி. பத்து நிமிஷத்தில் வகுப்பு நிறைந்துவிட்டது. கட்டைவிரல் போட்ட ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் வராந்தாவில் நின்றேன். அழுகை வந்தது. அதைவிடக் கேவலமாக இருந்தது.

துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். சார் தன்னை ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டாள். இதை யார் ஆரம்பித்தது என்று கேட்டதற்குத் தன் போனை எடுத்து என் மெசேஜைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அப்பா வர வேண்டியதாயிற்று. வயலில் நடவு ஆட்களை விட்டுவிட்டு வந்தவர், அந்த அறையில் நின்றுகொண்டே, "இந்த ஒரு தடவ மன்னிச்சுக்குங்க சார், இனிமே இப்படி நடக்காது" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தின் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். பைக்கில் கூட்டிவந்து என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நேரே வயலுக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அதற்கடுத்த நாள் பஸ் ஸ்டாண்டில் அவளை மறித்தேன்.

"ஒனக்காகத்தானடி செஞ்சேன். என்னையே காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு பிரெண்டா?"

"நான் கேட்டனா?"

"அவரு ஒன்ன அசிங்கப்படுத்துனாரு."

"அவரு சொன்னது ஒனக்கும் எனக்குந்தான் கேட்டுச்சு. நீதான் அத எல்லாருக்கும் படிச்சுக் காமிச்ச."

பயந்தாங்கொள்ளி என்றேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், எழுத முடியாது. வந்து நின்ற பஸ்ஸில் அவள் ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். துரோகி என்றே அவளை மனசுக்குள் வைத்துக்கொண்டேன். அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

விளையாட்டு விழாவில் நானூறு மீட்டரில் அவள் முதலாவதாக வந்தாள். ஓடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. பரிசு வாங்க மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நடந்து போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மீனை ஏலம் விடுகிற ராகத்தில், "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுத்தது. "மூணுதரம்" என்று பத்துப் பேர் சேர்ந்து முடித்தார்கள். அன்றைக்கு "செம" என்று போட்ட அதே பையன்கள்தான். அவளைப் பேர் சொல்லாமல் ஏலம் என்றுதான் இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்திலிருந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தெரியாதா என்று வேறு கேட்டாள்.

சார் அந்த ஒரு தடவைக்குப் பிறகு அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. இவர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தது நான். உடம்பெல்லாம் கூசியது. பின்வரிசையில் போய் அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன்.

அவள் மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு கையில் கோப்பை. இன்னொரு கையைத் தாழ்த்தி, உட்கார் என்று காட்டினாள். கெஞ்சுகிற முகம்.

உட்கார்ந்துவிட்டேன்.