நானே போட்ட தடையுத்தரவு

மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர்க் கான் உடைந்து மூன்று மாதமாகியிருந்தது. மலக்கழிவு சமைக்கிற குசினி வாசல்வரை வந்து, வெயிலில் ஆடை கட்டிக் கிடந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போனார்கள். இந்த லட்சணத்தில் முன்பக்கம் ஒரு புதிய பொதுமண்டபம். திறந்துவைக்க அமைச்சர் வருகிறாராம்.

எதிர்வீட்டு அக்கா, டவுனில் தெருக்கூட்டுபவர், முடிவெடுத்துவிட்டார். "கான் தண்ணிய வாளியில அள்ளிக்கிட்டு ரோட்டுல நிப்போம். வண்டிய நிப்பாட்டி அவர மோந்து பாக்கச் சொல்லுவோம்."

செய்தி பொலிசுக்குப் போய்விட்டது. விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் நீதிமன்றத் தடையுத்தரவு வந்து சேர்ந்தது. முழுக்கச் சிங்களம். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் சிங்களம் பேச வரும். ஆனால் கோர்ட் கடதாசியை வாசித்து விளங்கப்படுத்த அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனான நான்தான் வேண்டும். அந்தப் பெருமையை நானும் வருடக்கணக்காக வளர்த்து வைத்திருந்தேன்.

முதல் வரியில் அக்காவின் பெயர், பிறகு 'மற்றும் ஏனையோர்'. அந்த ஏனையோர் நான்தான் என்று என் வயிறு உடனே தீர்ப்பளித்துவிட்டது. வேலை போயிற்று, பென்ஷன் போயிற்று, மனைவி சிறை வாசலில் சோற்றுப் பார்சலோடு நிற்கிறாள், அதிலும் வெறும் பருப்பு.

உத்தரவில் இருந்தது மூன்றே விஷயம்: வீதியை மறிக்கக்கூடாது, வாகனத்தைத் தடுக்கக்கூடாது, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தக்கூடாது. மூன்றையும் வாசித்தேன். பிறகு, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதில் இல்லாததையும் வாசித்தேன்.

"பதாகை பிடிக்கக்கூடாது. மண்டபத்துக்குள்ள கேள்வி கேக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது."

"கை தட்டலாமாண்ணே?" என்றான் ஆட்டோ ஓட்டும் பக்கத்துவீட்டுக்காரன்.

"மெதுவா."

"தும்மல் வந்தா?"

"அடக்கிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "கேள்வி கேக்கக்கூடாதுன்னா எழுதியிருக்கு? நல்லா பாரு தம்பி."

"கோர்ட் சீல் அடிச்சிருக்கே அக்கா," என்று முத்திரையைத் தொட்டுக் காட்டினேன். சீல் இருந்தது உண்மைதானே.

மறுநாள் மண்டபம் நிறைய எங்கள் சனம், பிரேத வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. அமைச்சர் மூக்கில் லேஞ்சித் துணியைப் பிடித்துக்கொண்டு அபிவிருத்தி பற்றிப் பேசினார். முடிவில், பழகி வந்த தமிழில், "பிரச்சின இருக்கா?" என்று கேட்டார். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரொம்ப ஒழுக்கமான மக்கள்," என்றார். அந்த நாற்றத்துக்குள்ளேயே விழாவுக்கு வைத்த கிரிபத் பாற்சோற்றில் துண்டொன்றை வாயில் போட்டு, விரலை நக்கிவிட்டு ஏறிப்போனார். எனக்குக் குமட்டியது. அவரைப் பார்த்து என்றுதான் அப்போது நினைத்தேன்.

வாகனம் போனதும் பொலிஸ் பொறுப்பதிகாரி என்னிடம் வந்து சிங்களத்தில் சலித்துக்கொண்டார். "என்ன மிஸ்டர், ஒருத்தரும் வாயே தொறக்கல்ல? நாங்க ரோட்ட மறிக்கிறதுக்குத்தானே தடை எடுத்தோம். உள்ளுக்கு எழும்பிக் கேட்டிருக்கலாமே. எங்க குவார்ட்டர்சுக்கும் இதே நாத்தம்தான்."

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. என் சட்டைப் பையிலிருந்து உத்தரவை உருவி எடுத்து மடித்தார்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா ஒன்னைய வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்போமே தம்பி. அந்த மந்திரியே வாயத் தொறந்து கேட்டாரேடா."

 

கான் இன்னும் அப்படியேதான். அமைச்சர் திரும்ப வரவில்லை. சிங்களத்தில் கடிதம் வந்தால் இப்போது டவுனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோகிறார்கள். போன கிழமை அக்காவின் கையில் ஒன்றைக் கண்டு, "தாங்க, நான் பாக்குறேன்," என்று கை நீட்டினேன்.

"ஒங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றார், மிக மரியாதையாக.