எண்ணெய்க் கையும் பலாச்சுளை டின்னும்

நல்ல டின்னைத் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். கெட்ட டின்னைத் தட்டினால் 'டொப்' என்று கேட்கும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ஆறு சீசன் அலாஸ்கா கரையில் பிழைத்தேன். இதே வித்தையை நம்பித்தான் ஜவ்வாது மலையிலும் பெரிய மனுஷன் மாதிரி வந்து இறங்கினேன். வந்த ஒரே வாரத்தில் என் மூக்கு உடைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நான் போளூர்க்காரன். குளிர்சாதன மெக்கானிக்காக ஒப்பந்தத்தில் போய், சால்மன் மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டவன். சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். வந்தால் ஒன்றிரண்டாக வராது, சில வாரங்களுக்குள் மொத்தக் கூட்டமும் வந்துவிடும். அதுவரை தூங்கி வழிந்த கரை, முதல் படகு வந்ததும் திருவிழாவாகிவிடும். ரப்பர் பூட்ஸ், ரப்பர் ஏப்ரன், காலடியில் ஓடும் தண்ணீர், பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும் மீன். வெயில் மறையவே மறையாது, வேலையும் முடியவே முடியாது. பிலிப்பைன்ஸ்காரர்கள் சமைத்த புளிப்பு மீன் குழம்பை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி ஓடுவோம். உடம்பு நொந்துபோகும். ஆனால் அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. மீன் குறைந்து சீசன் முடியும்போது எனக்கு அழுகை வரும்.

கடைசி வரிசையில் என் வேலை. நீராவியில் வெந்து ஆறிய டின்களை மெல்லிய இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். மூடி சரியாக இறுகியிருந்தால் உள்ளே காற்று இருக்காது, தகடு உள்வாங்கி விறைப்பாக நிற்கும், ஓசை கணீரென்று வரும். இறுகாத டின் மந்தமாகக் கேட்கும். அதை அப்படியே விட்டால் சில நாளில் உப்பி, உள்ளே இருப்பது விஷமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டே நான் தட்டுவேன். அந்தக் கம்பியை ஊருக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

ஆறாவது சீசன் முடிந்து வீட்டில் சும்மா இருந்தபோது, போளூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு சேதி காதில் விழுந்தது. மலைமேல் பெண்கள் குழு ஒன்று பலாச்சுளையைச் சர்க்கரைப் பாகில் போட்டு டின்னில் அடைக்கப்போகிறதாம், மெஷின் வந்துவிட்டதாம், மெஷின் தெரிந்த ஆள்தான் இல்லையாம். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மலைப்பாதையில் பாதி தூரம் போவதற்குள்ளேயே ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை வந்தது. சீட்டில் உட்காரவே முடியவில்லை எனக்கு.

ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மூடி இறுக்கும் பழைய மெஷின் ஒன்று, நீராவித் தொட்டி ஒன்று, பதினைந்து பெண்கள். குழுத் தலைவி என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் சார் என்றார். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம், கை அதைவிட வேகம். முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"வருசா வருசம் ஆடி பொறந்தா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போவோம் சார். பொண்ண ஹாஸ்டல்ல வுட்டுட்டுப் போறேன். மெட்ராஸ்காரர் ஒத்தர் டின் கேட்டுக்கீறாரு. மொத லாட்டுல ஒண்ணே ஒண்ணு உப்பினாலும் வேணாம்னு சொல்லிட்டாரு. புடிச்சிப்போச்சின்னா பலா, நாவல், நெல்லின்னு வருசம் பூரா வேல. இல்லாட்டி ஆள் ஏத்திக்கினு போவ மேஸ்திரி ஜீப்பு வந்துரும். இந்த வருசம் நான் கீழ எறங்கமாட்டேன் சார், அவ்ளோதான்."

"நானிருக்கேன் அக்கா" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

பலா எனக்குச் சால்மனை ஞாபகப்படுத்தியது. அதுவும் ஒன்றிரண்டாகப் பழுப்பதில்லை. இன்றைக்குப் பத்துப் பழம் என்றால் நாளைக்கு ஜீப் கொள்ளாது. கொட்டகை வாசலில் மலை மாதிரி குவிந்தது. அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். 'டொப்' என்றால் பழம், உள்ளே போகும். 'ணங்' என்றால் காய், ஓரமாக நிற்கும். அட, நம்ம வேலையைத்தான் பார்க்கிறார் என்று எனக்குக் குதூகலமாகிவிட்டது. கம்பியைக் காட்டி அலாஸ்கா கதையெல்லாம் சொன்னேன். "மீனு தானா வந்து மாட்டிக்குமா? நல்லா கத வுட்றீங்க" என்று பதினைந்து பேரும் சிரித்தார்கள்.

முதல் நாள் வேலை! பழத்தை வெட்டுமுன் அக்கா ஒரு கிண்ணத்தில் கடலை எண்ணெயோடு வந்தார். பலாப்பால் கையில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், எளிதில் போகாது. எங்கள் பக்கத்தில் எண்ணெய் போடாமல் யாரும் பலாப்பழத்தைத் தொடமாட்டார்கள். எல்லோரும் முழங்கை வரை தடவிக்கொண்டோம். நானும்தான். வாசனை தாங்காமல் நானே நான்கு பழம் பிளந்தேன், சுளை எடுத்தேன், தின்றேன், பிறகு ஓடிப்போய் மெஷின் முன்னால் நின்றேன். டின் வரும், மூடியை வைப்பேன், மெஷினின் தலை சுழன்று இறுக்கும், அடுத்தது. அவர்கள் பாட்டுப் பாடினார்கள், நான் தப்புத் தப்பாகப் பின்பாட்டுப் பாடினேன். முந்நூறு டின் முடிந்தது. அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமான ஆள் மலையிலேயே இருந்திருக்கமாட்டான்.

மறுநாள் காலை, ஆறிய டின்களின் முன்னால் கம்பியோடு நின்றேன். பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ணங். ணங். ணங். டொப்.

சரி, ஒன்றுதானே. ணங், ணங், டொப், டொப். எனக்குக் குப்பென்று வியர்த்தது. நாலில் ஒன்று மந்தமாக இருந்தது. அலாஸ்காவில் ஒரு நாள் முழுக்கத் தட்டினாலும் இத்தனை அகப்படாது.

மெஷினைப் பிரித்துப் போட்டேன். உருளையைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், நட்டுகளை முறுக்கினேன். மீண்டும் பத்து டின் ஓட்டி, வேகவைத்து, ஆறியதும் தட்டினால் மூன்று டொப். மூடியைப் பிடித்துச் சுழற்றும் தலை, இறுக்குகிற நேரத்தில் வழுக்கியது, பாதி மடிப்பு இறுகாமலே நின்றது. ஏன் வழுக்குகிறது என்றுதான் புரியவில்லை. மெஷினை ஓட்டை உடைசல் என்று திட்டினேன். மூடி அடுக்கிய பெண்ணைத் திட்டினேன். கடைசியில் அக்காவையே, "பழசைத் தலையில கட்டிட்டாங்க, நீங்களும் பார்க்காம வாங்கிட்டீங்க" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வாயை மூடத் தோன்றவில்லை எனக்கு.

ஆத்திரத்தில் மேஜையிலிருந்து ஒரு மூடியை வெடுக்கென்று எடுத்தேன். அது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தேன், மறுபடி நழுவியது. என் உள்ளங்கையைப் பார்த்தேன். பளபளவென்று மின்னியது. அன்று காலையும் முதல் நாள் மாதிரியே எண்ணெய் போட்டுக்கொண்டு இரண்டு பழம் பிளந்திருந்தேன். மெஷின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் எண்ணெய்.

மீன் தொழிற்சாலையில் யார் கையில் எண்ணெய் இருந்தது? அங்கே தண்ணீரும் ரப்பர் உறையும்தான். ஆறு சீசனில் இப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை. பலாப்பழம் என்றதும் போளூர்ப் புத்தி தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்விட்டது. மெஷினைத் தொட்டவன் நான் ஒருவன்தான். தப்பு என் கையில் இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் எண்ணெய்க் கையோட தொட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் என் கையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். "அதுக்கா இம்மா கத்து கத்துன?" என்றார். பதினைந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்த நிமிடத்தில் 'சார்' என்ற மரியாதை போய்விட்டது.

மெஷினைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தோம், கைகளைச் சீயக்காய் போட்டு. கொட்டகைத் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இழுத்தேன். அந்தப் பக்கம் எண்ணெய்க் கை, பழம். இந்தப் பக்கம் வெறுங்கை, டின். கோட்டைத் தாண்டக்கூடாது. எனக்கு இந்தப் பக்கம். சுளை தின்ன வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வாயில் போடவேண்டும், போட்டார்கள். அன்று ஓட்டிய டின், ஆறியதும் தட்டினால் அத்தனையும் ணங். நான் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன்.

பழைய முந்நூறையும் சலித்தாகவேண்டும். அக்காவும் உட்கார்ந்தார், கம்பி வேண்டாம் என்று விரலை மடக்கிக்கொண்டார். "பழத்துல டொப்புனா உள்ள வா, இங்க டொப்புனா வெளிய போ. தலகீழா கீதே" என்று முனகிக்கொண்டே என்னைவிட வேகமாகப் போனார். ஒரே ஒரு டின்னில்தான் சண்டை. நான் கம்பியால் தட்டினேன், ணங். அவர் விரலால் தட்டினார். "இது வேணாம்."

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆறு வருஷம் தட்டியிருக்கேன்."

"நான் பொறந்ததுலேர்ந்து தட்றேன். வேணாம்னா வேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் காலையில் கத்தியது ஞாபகம் இருந்ததால், அதைத் தனியாக ஜன்னல்மேல் வைத்தேன். நல்லவற்றை, எதுவும் உப்புகிறதா என்று பார்க்க, சூடான அறையில் இரண்டு வாரம் அடுக்கி வைத்தோம். கெட்டவற்றைக் குழி வெட்டிப் புதைத்தபோது, பழத்தைப் போய்ப் புதைப்பதா என்று பெண்களுக்கு மனசே வரவில்லை.

ஐந்தாம் நாள் ஜன்னலைப் பார்த்தேன். அந்த டின்னின் இரண்டு பக்கமும் பூரி மாதிரி உப்பியிருந்தது. அது அறைக்குள் போயிருந்தால் அந்த ஒரு டின்னாலேயே ஆர்டர் போயிருக்கும். அக்கா புருவத்தை உயர்த்தினார். நான் கம்பியைச் சுவர் ஆணியில் மாட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

சென்னை வியாபாரி வந்த நாளில் அக்கா வீட்டில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. மேஸ்திரி ஜீப் கீழே கண்ணமங்கலம் தாண்டிவிட்டது என்று சேதி. வியாபாரி அறைக்குள் போனார். வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தார், கண்டபடி பத்து டின்னை எடுத்துத் தட்டினார், வெட்டினார், மோந்தார், ஒரு சுளையை வாயில் போட்டார். அவர் மென்றார், இன்னொன்று எடுத்தார். பிறகு, "லாரி எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?" என்றார்.

என்ன கூச்சல் அது! ஒருவர் விசில் அடித்தார், இரண்டு பேர் அழுதார்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த பழத்தைப் பிளந்தார். அவருடைய போன் மேஜையில் அடித்தது, என் பக்கத்தில்.

"மேஸ்திரிதான்" என்றேன்.

அவர் முழங்கை வரை பழத்துக்குள் இருந்தார். கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் மின்னின.

"என் கையில எண்ணெ கீது தம்பி. நீயே சொல்லிடு."

போனை எடுத்தேன். "அக்கா வர்லீங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். "இங்க வேல கீதுங்க" என்றேன்.