காப்புறுதி எடுக்கப் போன குற்றவாளி

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு குற்றவாளி. பயப்படாதையுங்கோ, நான் யாரையும் அடிக்கவில்லை. அகதியாக வந்த புதிதில் என்னை ஒரு சின்ன ஊரில் விட்டிருந்தார்கள். அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். நானோ ஹம்பேர்க் நகரில் மிளகாய்த்தூள் வாங்கவென்று அனுமதியில்லாமல் ரயிலேறினேன். முதல்முறை பிடித்துத் தண்டம் போட்டார்கள். இரண்டாம்முறை நீதிமன்றம்; குற்றம் என்றே தீர்ப்பு. மிளகாய்த்தூளை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

இவ்வளவு காலம் கழித்து இந்த வீட்டை வாங்கப் போனபோது, வீட்டுக்குக் காப்புறுதி எடுத்தால்தான் கடன் என்று வங்கி சொல்லிவிட்டது. காப்புறுதி இல்லையென்றால் வீடும் இல்லை. அந்தப் பழைய தீர்ப்பு தெரிந்தால் காப்புறுதி தரமாட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள் அம்மா முதலே சொன்னா:

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கேக்காததைச் சொல்லி வீட்டைக் கெடுத்துப்போடாதையுங்கோ."

ஓம் என்றுதான் போனேன். ஆனால் அகதி விசாரணைக்கு இருந்து எழும்பின ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர் பேனாவோடு இருந்தால், பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். ஒன்றை விட்டாலும் பொய்யன் என்றுவிடுவார்களே என்ற பயம். காப்புறுதி முகவர் ஓர் இளம்பெண். முன்பிருந்த வீட்டில் குழாய் வெடித்ததா, தீப்பிடித்ததா என்றுதான் கேட்டார். நான் மிளகாய்த்தூளில் தொடங்கினேன். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா. நான் நிறுத்தவில்லை.

"பக்கத்து மாவட்டத்துக்குப் போனதற்கா தண்டனை?" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். இங்கேயே பிறந்த பிள்ளை, அப்படியொரு சட்டம் இருந்ததே தெரியாது. அது பதிவிலிருந்து எப்போதோ அழிந்திருக்கும், எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்றார். எதற்கும் எழுதிவையுங்கள் என்றேன். எழுத இடமில்லை என்றார். நான் எழும்பவில்லை. கடைசியில் என் நிம்மதிக்காகத் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். வீட்டைக் கொளுத்தினாரா, காப்புறுதியில் ஏமாற்றினாரா என்று கேட்டார்களாம். இரண்டும் இல்லையென்றதும் பிரச்சினையில்லை என்றுவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை வாய் திறக்காதவ, புதுவீட்டில் எந்த அறை எதற்கு என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கத் தொடங்கினா. மேலே சாமியறையாம், மர அலுமாரியாம், பின்னேரம் பின்னேரம் எண்ணெய் விளக்காம்.

"நாங்கள் விளக்கை ஊதி அணைக்கிறதில்லை. வெளியிலை போனாலும் அது பாட்டுக்கு எரியும்."

இந்தமுறை காலை மிதித்தது நான். பிந்திவிட்டேன். பெண்ணின் பேனா நின்றுவிட்டது. மர அலுமாரிக்குள்ளா, ஆளில்லாத வீட்டிலா என்று கேட்டுவிட்டு, மறுபடி போனை எடுத்தார். என் குற்றத்துக்குச் செலவான நேரத்தைவிட அம்மாவின் விளக்குக்குத்தான் கூடச் செலவானது. வீடு போய்விட்டதென்றே நான் நினைத்தேன்.

போகவில்லை. விளக்குக்குக் கீழே இரும்புத் தட்டு வைக்கவேண்டும், அது எரியும்போது ஓராள் வீட்டில் இருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அதனால்தான் நாங்கள் எல்லாரும் ஒன்றாக வெளிக்கிட்டு நிற்கிறபோது, விளக்கு அணையட்டும் என்று அம்மா உங்களை வாசலில் மறிக்கிறா. அது சாமிக்காக என்றுதானே நினைத்திருந்தீர்கள்?