அக்காவின் சங்கம், தங்கையின் சங்கம்

அரசின் சீர்திருத்தத்தில் பொது மருத்துவமனையின் சலவைப் பிரிவு ஒப்பந்தக்காரரிடம் போனது. பழைய ஆட்கள் நிரந்தரப் பணியாளர்களாகவே நீடித்தார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒப்பந்த ஆட்கள். சங்கச் செயலாளராக இருந்த அக்கா நிரந்தரம், தங்கை ஒப்பந்தம். இருவரும் ஒரே இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை எடுத்து, ஆளுக்கொரு முனை பிடித்து உதறினார்கள். ஆனால் ஓய்வறைக்குள் தங்கைக்கு அனுமதியில்லை.

ஒப்பந்த ஆட்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று அக்கா கூட்டத்தில் கேட்டாள்.

"தங்கச்சிக்காகப் பேசுறீங்களாக்கா?" என்றார் பொருளாளர்.

"அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன். நாம எல்லாரும் ரிட்டயர் ஆனப்புறம் சங்கத்துல யாரு இருப்பா, நாற்காலியா?"

சிரித்தார்கள். ஆனாலும் தீர்மானம் தோற்றது. அவள் பதவியை விட்டாள். ஒப்பந்த ஆட்கள் தனிச் சங்கம் தொடங்க ஓடியாடி உதவினாள். நிரந்தரப் பணியாளர் என்பதால் அதில் அவளுக்கு இடமில்லை. பழைய தோழர்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

புதிய சங்கத்துக்குத் தங்கை செயலாளரானாள். ஒப்பந்தக்காரரோடு முதல் பேச்சுவார்த்தை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"உள்ள என்னடி பேசினீங்க?"

"அது சங்க விஷயம்க்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.