பத்து மணிக்குத் திறக்கும் பால்வாடி

"திருமதி ஜக்கம்மாள். வயது முப்பது. எழுதப் படிக்கத் தெரிந்தவர். குழந்தை ஒன்று. வெளிவேலைக்குச் செல்லாத குடும்பப் பெண். ஓய்வு நேரம் உள்ளவர்."

1961ஆம் வருஷத்துப் பால்வாடித் திட்டக் கமிட்டியின் தாய்மார் பிரதிநிதியைப் பற்றி யூனியன் ஆபீஸ் கோப்பு சொல்வது இது. இதில் பெயரும் குழந்தையும் மட்டும் அப்போது சரி. வயது அவளுக்கே தெரியாது. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரல் மை இருக்கிறது. ஓய்வு நேரம் என்று ஒன்று இருப்பதை அந்தக் கமிட்டியில்தான் கேள்விப்பட்டாள்.

புருஷன் பாம்பு கடித்து இறந்த பிறகு அவள் மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுக்கப் போனாள். வெயில் ஏறி மொக்கு வாடுவதற்குள் கூடை நிலக்கோட்டை சந்தைக்குப் பஸ் ஏறியாக வேண்டும். ஆகவே நாலு மணிக்கே வேலை. இரண்டரை வயது பழனியம்மாளைப் பழைய சேலையால் கட்டில் காலோடு கட்டி, கையில் ஒரு கருப்பட்டித் துண்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். ஊரில் பூவெடுக்கும் தாய்மார் எல்லோர் வழக்கமும் அதுதான்.

கமிட்டி பஞ்சாயத்து ஆபீஸில் கூடியது. தலைவர் பெருமாள்சாமி பால்வாடிக்குக் கிணற்றோடு இடம் கொடுத்திருந்தார். யூனியன் அலுவலர் மரியசெல்வம் நல்ல மனிதர்.

"இது உங்க திட்டம்மா. ஊர் சொல்றதுதான் நடக்கும்" என்றார் அவர்.

"அப்ப நாலு மணிக்குத் தொறங்கய்யா. பூவெடுத்துட்டு எட்டு மணிக்குப் பிள்ளைகள வாங்கிக்கிறோம்."

பெருமாள்சாமி சிரித்துவிட்டார். "ஏத்தா, நாலு மணிக்குக் கோழியே கூவாது. டீச்சர் வந்து கூவணுமாக்கும்?"

"பத்து மணிக்குத் தொறந்தா யாருக்கு? அப்பத்தான் நாங்களே வீட்ல இருப்பமே."

சொன்னது சரியென்று மரியசெல்வத்துக்குப் பட்டது. "பத்து மணிங்கறது மேலருந்து வந்ததும்மா. மாத்த முடியாது."

"அப்ப என்னைய எதுக்குக் கூப்டீக?"

"உங்க அபிப்பிராயம் கேக்கத்தான்."

"அந்தக் கெணத்துக்குச் சுவரும் இல்லையேய்யா."

அதற்குக் கோப்பில் ஏற்கெனவே பதில் இருந்தது: 'குடிநீர் வசதி உண்டு.' அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், காபி கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. விரலை நீட்டினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

என்ன இருந்தாலும் தன் பிள்ளை போகப்போகும் இடம். கட்டடம் எழும்பிய நாள் முதல் தினமும் சாயங்காலம் பழனியம்மாளை அங்கே நடத்திக் கூட்டிப்போய், "இதான்டி ஒன் பள்ளிக்கொடம்" என்று கதவைக் காட்டினாள். திறப்பு விழாவுக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள். முந்தின ராத்திரி அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, பிள்ளை கவுனோடேயே தூங்கிற்று.

விடியற்காலை ஜக்கம்மாள் பிள்ளையைக் கட்டும் பழைய சேலையை எடுத்தாள். கட்டினால் கவுன் கசங்கும். ஒரு நாள்தானே என்று மறுபடியும் மடித்து வைத்துவிட்டுத் தட்டிக் கதவைச் சாத்திப் போனாள்.

பிள்ளை விழித்தது. தட்டியைத் தள்ளியது. வழி அதற்கு நன்றாகத் தெரியும். பால்வாடி பூட்டியிருந்தது, பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆறரை மணிக்குத் தோரணம் கட்ட வந்தவர்கள்தான் கிணற்றில் வெள்ளையாக எதையோ பார்த்தார்கள். ஆள் அனுப்பினார்கள். ஜக்கம்மாள் மடியில் மொக்கோடு ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டபோதும் மொக்கு அங்கேயேதான் இருந்தது.

"கட்டிப் போட்டிருக்கணும்" என்றாள். அன்று முழுக்க அதை மட்டும்தான் சொன்னாள்.

திறப்பு விழா ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. கிணற்றுச் சுவருக்கு எஸ்டிமேட் போட்டார்கள். மரியசெல்வம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "கமிட்டியில உங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டுரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்யா" என்றாள்.

கோப்பை யாரும் திருத்தவில்லை. கடைசிவரை அதில் குழந்தை ஒன்று.

ஜக்கம்மாள் அதன்பிறகு பூவெடுக்கப் போகவில்லை. பகலில் பூக்கட்டிப் பிழைத்தாள். எட்டு வருஷம், தினமும் நாலு மணிக்குப் போய், பூட்டிய பால்வாடிக்கும் கிணற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, பூவெடுக்கப் போனவர்களின் பிள்ளைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டாள்.